அந்த மல்லிகை சென்ட் இப்போது ஏன் குமட்டுகிறது?

கேள்வி: எனக்கு 57 வயது. பேரணாம்பட்டு பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் 22 வருஷம் தையல் வேலை பார்த்து, போன வருஷம்தான் நின்றேன். அந்த நாளில் மல்லிகை சென்ட் அடிக்காமல் கம்பெனி பஸ் ஏற மாட்டேன். துபாயிலிருந்து லீவில் வந்த மகன், அதே சென்டைத் தேடிப்பிடித்து வாங்கி வந்திருக்கிறான். திறந்தாலே தலைவலி, குமட்டல். இப்போதெல்லாம் சந்தனம், வெட்டிவேர்தான் பிடிக்கிறது. “வயசாயிடுச்சும்மா உனக்கு” என்று சிரிக்கிறான். மூக்கில் கோளாறா? அவனிடம் எப்படிச் சொல்வது?
– வாசகி, குடியாத்தம்

பதில்: மகன் சொன்னது பாதி சரி. மீதிப் பாதி உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது.

முதலில் வயசு. மணத்தை அறியும் செல்கள் மூக்கின் உச்சியில் இருக்கின்றன. பழையது போகப் புதியது முளைத்துக்கொண்டே இருக்கும். வயது ஏற ஏற அந்த முளைப்பு மந்தமாகும். எல்லா மணமும் ஒரே அளவில் குறைவதும் கிடையாது. ஒரு சென்டில் எத்தனையோ சரக்கு கலந்திருக்கும். சிலது மங்கி, சிலது மட்டும் துருத்திக்கொண்டு நின்றால் பழைய மல்லிகையாகவா தெரியும்? மல்லிகைப்பூவிலேயே இண்டோல் என்று ஒன்று உண்டு. துளியாக இருந்தால் பூமணம், கூடினால் வேறு நாற்றம். தவிர, அட்டைப்பெட்டியை அப்படியே வைத்துக்கொண்டு உள்ளே சரக்கை மாற்றுவது சென்ட் கம்பெனிகளுக்குச் சகஜம். மாதவிடாய் நிற்கும் வயதையொட்டி, முன்பு ஒத்துக்கொண்ட வாசனையே சிலருக்குத் தலைவலியைக் கிளப்புவதும் உண்டு.

இனி அந்த மீதிப் பாதி. தோல் நாற்றத்துக்கும் சொல்யூஷன் பசை நெடிக்கும் நடுவில் 22 வருஷம் உட்கார்ந்திருந்தவருக்கு மெல்லிய வாசனை எந்த மூலைக்கு? பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் முகம் சுளிக்கக் கூடாது, வீட்டுக்குள் நுழைகையில் தோல் வாடை கூடவே வரக் கூடாது. அதற்குத்தான் அந்த மல்லிகை என்று எனக்குப் படுகிறது. பிடித்து அடித்தது கொஞ்சம், தேவைக்கு அடித்தது நிறைய. இப்போது வீட்டில் மறைக்க என்ன இருக்கிறது?

சந்தனம் மெதுவாக ஆவியாகிற சரக்கு. வேலூர் வெயிலிலும் குப்பென்று அடிக்காது. ஜவ்வாது மலைச் சந்தனம் திருப்பத்தூர் அரசுக் கிடங்கில் ஏலம் போவதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம், அது பிடிப்பதற்குக் காரணம் வேறு தேட வேண்டுமா! பேரணாம்பட்டு, ஆம்பூர் கடைகளில் ஆல்கஹால் கலக்காத அத்தர் கிடைக்கும். பஞ்சில் தொட்டு ஒரு பொட்டு போதும். ஆனால் நூறு ரூபாய்ச் சந்தன அத்தரில் சந்தனத்தைத் தேடாதீர்கள். வெட்டிவேரை நாட்டுமருந்துக் கடையில் வாங்கிப் பீரோவில் போட்டு வையுங்கள். அது ஏமாற்றாது.

ஒன்றை மட்டும் சோதித்துப் பாருங்கள். பால் திரிந்தது, ரசம் தாளிப்பது, காஸ் கசிவது எல்லாம் முன்புபோல் தெரிகிறதா? சமையல் காஸுக்குச் சொந்த மணம் கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்றுதான் மெர்காப்டன் சேர்க்கிறார்கள். அது உறைக்காவிட்டாலோ, எந்த மணமும் திடீரென்று தெரியாமல் போனாலோ காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்கள். பல வருஷம் பசை, கரைப்பான் நெடியில் இருந்தால் மூக்கு மந்தமாகலாம். செய்த வேலையையும் அவரிடம் சொல்லுங்கள்.

மகனிடம் “எனக்குத் தலைவலிக்குதுடா” என்று நேராகச் சொல்லுங்கள், கோபிக்க மாட்டான். ஆனால் பாட்டிலைத் திருப்பிக் கொடுக்காதீர்கள். மூளையில் மணம் போய்ச் சேரும் இடமும் நினைவுகளின் இடமும் அக்கம்பக்கம். உங்களுக்கு அது கம்பெனி பஸ். அவனுக்கு, சாயங்காலம் அம்மா வீட்டுக்குள் நுழைகிற மணம். ஒரு கைக்குட்டையில் இரண்டு சொட்டு விட்டு, அவன் படுக்கிற அறை அலமாரியில் வைத்துவிடுங்கள்.