தாருக்கு இரண்டு அங்குல உயரம் தேவையா?

கேள்வி: என்னிடம் 2022 மாடல் மஹிந்திரா தார் ஜீப் இருக்கிறது. ஃபெஞ்சல் புயலுக்குப் பிந்தைய வெள்ளத்தில் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். பண்ருட்டிப் பக்கம் உள்ள முந்திரித் தோப்புக்கும் வாரம் ஒருமுறை போய் வருகிறேன். புதுச்சேரியில் ஒரு கடையில் வண்டியை உயர்த்தும் இரண்டு அங்குல லிஃப்ட் கிட் போட 45,000 ரூபாய் கேட்கிறார்கள். பில் வேண்டாமென்றால் 38,000. "தண்ணி, மணல், மேடு எதுவும் தடுக்காது, ஆர்.டி.ஓ. தொந்தரவும் வராது" என்கிறார்கள். போடலாமா? (வாசகர், கடலூர் முதுநகர்)

பதில்: வேண்டாம். ஏன் என்பது வண்டிக்கு அடியிலேயே இருக்கிறது. பின்பக்கமாகக் குனிந்து பாருங்கள். இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே ஆக்ஸிலில் சின்னப் பூசணிக்காய் அளவில் ஓர் உருண்டை தெரியும். அதுதான் டிஃப்ரன்ஷியல், இஞ்சின் விசையை இரண்டு சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டி. டிராக்டர் ஓடிக் குழிந்த தோப்புப் பாதையில் நடுமேடு முதலில் உரசுவது அதில்தான். லிஃப்ட் கிட், ஸ்பிரிங்குக்கு மேலே இருக்கும் சேசிஸையும் பாடியையும் மட்டுமே தூக்கும். ஆக்ஸில் சக்கரத்தோடு பிணைந்தது. அது இருந்த இடத்திலேயே இருக்கும். அதை உயர்த்தப் பெரிய டயர்தான் வழி, அதிலும் கூடிய விட்டத்தில் பாதிதான் கிடைக்கும்.

தண்ணீர்க் கணக்கையும் போட்டுவிடுவோம். உங்கள் தார் இறங்கக்கூடிய ஆழம் என்று கம்பெனி சொல்வது 650 மில்லிமீட்டர். இரண்டு அங்குலம் கூட்டினாலும் 700-தான். இடுப்பளவு என்றால் 900-ஐத் தொடும். தென்பெண்ணை கரை மீறி ஓடிவரும் தண்ணீருக்கு இழுவையும் உண்டு. உயர்த்திய வண்டியும் அதில் மிதக்கும். அந்தப் பணத்தில் ஒரு பகுதியை இன்சூரன்ஸில், தண்ணீர் புகுந்து இஞ்சின் கெட்டால் ஈடு தரும் 'இஞ்சின் புரொடெக்ட்' சேர்க்கச் செலவிடுங்கள். வண்டி தண்ணீரில் நின்றுபோனால் மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

மணலுக்குத் தேவை உயரமல்ல, காற்றைக் குறைப்பது. டயரை 18 பி.எஸ்.ஐ. அளவுக்கு இறக்கினால் அது அகன்று பதியும், புதையாது. தார்ச்சாலை ஏறுமுன் மறுபடி அடித்துவிடுங்கள். 12 வோல்ட் பம்பு ஒன்று வண்டியிலேயே இருக்கட்டும். தேவனாம்பட்டினம் கடற்கரையில் மட்டும் இந்தப் பரிசோதனை வேண்டாம். தை, மாசியில் பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் கரை அது.

முன்பக்கம் இன்னும் கவனிக்க வேண்டியது. தாரின் முன்சக்கரங்கள் தனித்தனி சஸ்பென்ஷனில் இயங்குகின்றன. உயர்த்தினால் சக்கரத்தைச் சுழற்றும் தண்டான டிரைவ் ஷாஃப்டின் சாய்வு கூடி, அதன் ஜாயின்டை மூடியிருக்கும் ரப்பர் பூட் எப்போதும் ஒருபக்கம் விரிந்தே நிற்கும். என் சித்தப்பா மகன் உயர்த்திய வண்டியில் எட்டாவது மாதமே அது கிழிந்தது. ரிம்மின் உட்புறம் முழுக்கக் கறுப்பு கிரீஸ், அதில் ஒட்டிய மணல். ஜாயின்டும் போயிற்று. கடைக்காரர் "ரோடு சரியில்லை" என்று சொல்லி முடித்துக்கொண்டார்.

'ஆர்.டி.ஓ. தொந்தரவு வராது' என்பது வெறும் வாய்வார்த்தை. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து வண்டி மாறக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதைக் கண்டிப்பாகவே சொன்னது. 182ஏ பிரிவில் உரிமையாளருக்கு ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சாலையில் யாரும் நிறுத்தாமல் இருக்கலாம். விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ் சர்வேயர் முதலில் வண்டிக்கு அடியில்தான் பார்ப்பார்.

தோப்புக்கு அதே அளவில், தார்ச்சாலைக்கும் மண்பாதைக்கும் பொருந்தும் நல்ல ஏ.டி. டயர் நான்கு வாங்குங்கள். போதும்.

கேள்வி: நான் லிஃப்ட் கிட் போட்டுவிட்டேன். வேகம் 70-ஐத் தாண்டினால் ஸ்டீயரிங் நடுங்குகிறது. புதுச்சேரிக் கடையில் "ஓட ஓட செட் ஆயிடும்" என்கிறார்கள். என்ன செய்வது? (வாசகர், நெல்லிக்குப்பம்)

பதில்: ஸ்டீயரிங் நடுக்கம் ஓட ஓட சரியாகாது. வேகத்தைக் குறைத்து ஓட்டுங்கள். வேறொரு இடத்தில் வீல் பேலன்சிங்கும் அலைன்மென்ட்டும் பார்த்து, அந்த அச்சுத்தாளை வாங்கிக்கொள்ளுங்கள். நான்கு சக்கரத்திலும் நடு மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப் வைத்து அளந்து, படமும் எடுங்கள். இடது வலதுக்கு வித்தியாசம் இருந்தால் பொருத்தியதிலேயே கோளாறு என்று சந்தேகிக்கலாம். ஹெட்லைட்டையும் கீழே இறக்கச் சொல்லுங்கள், இ.சி.ஆரில் எதிரே வருபவர் கண்ணில் நேராக அடிக்கும்.

பிறகு கடைக்கு 15 நாள் கெடு வைத்துப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யுங்கள். கடை புதுச்சேரியில் இருக்கிறதே என்று தயங்க வேண்டாம்: 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, கடலூர் நுகர்வோர் ஆணையத்திலேயே, வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. வழக்குப் போடக் கெடு இரண்டு வருடம். பில் இல்லாவிட்டால் ஜி-பே பதிவையும் வாட்ஸ்அப் பேச்சையும் அழிக்காமல் வைத்திருங்கள்.