டொமினிக்காவுக்குப் பெயர் தந்த கிழமை

கேள்வி: டொமினிக்கா தீவுக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது? டொமினிக்கன் குடியரசும் அதுவும் ஒன்றுதானா?

ஒன்றல்ல. டொமினிக்கன் குடியரசு ஹெய்ட்டியை ஒட்டியிருக்கும் பெரிய ஸ்பானிய மொழி நாடு. டொமினிக்கா, கரீபியன் தீவுகளான குவாதலூப்புக்கும் மார்ட்டினிக்குக்கும் நடுவே சுமார் 750 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள மலைத்தீவு, ஆட்சிமொழி ஆங்கிலம்.

பெயருக்குக் காரணம் கிழமைதான். கொலம்பஸ் தம் இரண்டாம் பயணத்தில் 17 கப்பல்களுடன் அட்லாண்டிக்கைக் கடந்து வந்து இந்தத் தீவைக் கண்ட நாள் 1493 நவம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை. லத்தீனில் ஞாயிறு என்றால் 'டீஸ் டொமினிக்கா', ஆண்டவரின் நாள். அதையே சூட்டிவிட்டார். அலை மோதும் கிழக்குக் கரையில் நங்கூரமிட வாகான இடம் அகப்படவில்லை. பக்கத்துத் தீவுக்குப் போய், அதற்குத் தம் கப்பலின் பெயரை வைத்தார்: மரி-கலாந்த். அடுத்த சில நாட்களில் குவாதலூப், மான்செராட், ஆன்டிகுவா என்று ஸ்பெயினின் மடங்களும் மாதா திருவுருவமும் வரிசையாகத் தீவுகளின் பெயர்களாயின.

அங்கே ஏற்கெனவே மக்கள் வாழ்ந்தார்கள், தீவுக்குப் பெயரும் இருந்தது என்பதைப் பலரும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். அது எனக்குப் பொறுக்காது. கலினாகோ மக்கள் வைத்த பெயர் 'வைட்டுக்குபுலி'. 'அவள் உடல் நெடியது' என்று பொருள். அந்தச் சிறிய நிலத்தில் மோர்ன் டியாப்ளோத்தன் சிகரம் மட்டும் 1,447 மீட்டர் எழுந்து நிற்கிறது. தோணியில் வருகிறவன் அண்ணாந்து பார்த்துத்தான் ஆகவேண்டும். தீவைப் பார்த்து, தீவுக்காகவே வைத்த பெயர் அது. ஞாயிறு என்ற பெயரோ அன்று எந்தக் கரை தென்பட்டிருந்தாலும் பொருந்தியிருக்கும்.

பழைய பெயர் அழிந்துவிடவில்லை. தீவின் தெற்கிலிருந்து வடக்குவரை மலைக்காடுகளின் ஊடே செல்லும் நெடிய நடைபாதைக்கு வைட்டுக்குபுலி என்றே பெயர். கலினாகோ மக்களும் கிழக்குக் கரையில் தங்களுக்கென 1903இல் ஒதுக்கப்பட்ட பகுதியில் இன்றும் வாழ்கிறார்கள். வெளியார் வைத்த 'காரிப்' என்ற பெயரை நீக்கி, 2015இல் அதைச் சட்டப்படி கலினாகோ பகுதி என்று மாற்றினார்கள். 2023இல் அவர்களுள் ஒருவரான சில்வனி பர்ட்டன் நாட்டின் குடியரசுத் தலைவரானார்.

நாடு சுதந்திரம் பெற்ற நாளும் நவம்பர் 3தான், ஆண்டு 1978. இன்னொன்று: தீவினர் 'நி'யை அழுத்தி நீட்டி 'டொமினீக்கா' என்கிறார்கள். அப்படியே சொல்லிப் பழகுங்கள், குடியரசோடு குழப்பம் வராது.