சிப்பி ஓட்டுக்குள் ஒரு கோடை

அன்புள்ள எழுத்தாளருக்கு,

சிறு விவசாயிகளைப் பற்றிய உங்கள் கட்டுரையில் 'வயலுக்கு வந்து சேராத ஆய்வு ஆய்வே அல்ல' என்று எழுதியிருந்தீர்கள். நான் கடல் சூழலியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். பாறைகளில் ஒட்டி வளரும் சிறு பாசிகள் எப்படி இனப்பெருக்கம் செய்கின்றன என்பதுதான் என் தலைப்பு. நிதி கேட்கும் விண்ணப்பத்தில் 'இதனால் யாருக்குப் பயன்?' என்று ஒரு கட்டம் இருக்கிறது. மூன்று நாளாக அது காலியாகவே கிடக்கிறது. உங்கள் வரியைப் படித்ததும் இன்னும் சோர்ந்துபோனேன். எந்த விவசாயிக்கும் போய்ச் சேராத வேலையைச் செய்து என்ன ஆகப்போகிறது?

ஓர் ஆய்வு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

அந்த வரியை நான் அப்படி எழுதியிருக்கக் கூடாது. விவசாயிக்கு உதவும் முடிவைக் கையில் வைத்துக்கொண்டே அவரிடம் சொல்லாமல் விடுகிறவர்களை நினைத்துத்தான் எழுதினேன். அது உங்கள் மேல் போய் விழும் என்று யோசிக்கவில்லை. மன்னியுங்கள்.

உங்கள் தலைப்பைப் பார்த்ததுமே கேத்லீன் ட்ரூ-பேக்கர் ஞாபகம் வந்தார். 1901இல் இங்கிலாந்தில் பிறந்தவர். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் கற்பித்தார். 1928இல் திருமணமானதும், மணமான பெண்களை வேலையில் வைக்காத அன்றைய விதியால் பதவி போயிற்று. சம்பளம் இல்லாத ஆய்வாளராக அங்கேயே தொடர்ந்தார். அவர் கையில் இருந்த கேள்வி உங்களுடையதைப் போலவே சின்னது. பிரிட்டன் கடற்கரைப் பாறைகளில் வளரும் போர்பைரா என்ற பாசி ஒரு பருவத்தில் காணாமல் போகிறது. அப்போது அது எங்கே இருக்கிறது?

ஆய்வகத்தில் அதன் வித்துகள் முளைக்கும், ஆனால் தேறாது. தண்ணீரில் சிப்பி ஓடுகளைப் போட்டுப் பார்த்தார். வித்துகள் ஓட்டைத் துளைத்து உள்ளே போய் இளஞ்சிவப்பு இழைகளாகப் படர்ந்தன. அந்த இழைகளுக்குக் கோன்கோசெலிஸ் என்று முன்பே பெயர் இருந்தது, அது தனி இனம் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். இரண்டும் ஒரே உயிரின் இரண்டு பருவங்கள் என்று 1949இல் 'நேச்சர்' இதழில் சிறு குறிப்பாக எழுதினார். அதில் விவசாயி என்ற பேச்சே இல்லை.

ஜப்பானில் சோற்று உருண்டையின் மேல் தாள் போலச் சுற்றி உண்கிற நோரி என்ற பாசி, போர்பைராவின் நெருங்கிய உறவு. கடலோரக் குடும்பங்கள் இலையுதிர் காலத்தில் ஆழமில்லாத கடலில் மூங்கில்களை நட்டு, வலை கட்டிக் காத்திருப்பார்கள். வித்து தானாக வந்து ஒட்டினால் விளைச்சல், இல்லையென்றால் அந்த வருடம் போச்சு. 'அதிர்ஷ்டப் புல்' என்றே அதற்குப் பெயர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் விளைச்சல் மிக மோசமானது. வித்து எங்கிருந்து வருகிறது என்றே தெரியாதவர்கள் அதை எப்படி வரவழைப்பார்கள்?

கியூஷு பல்கலைக்கழகத்தின் செகாவா என்ற ஆய்வாளர், ட்ரூ-பேக்கரின் முடிவைப் படித்துவிட்டு, ஜப்பானியப் பாசியிலும் அதையே செய்து பார்த்தார். அப்புறம் குமாமோட்டோவின் மீன்வள ஆய்வு நிலையத்தில் ஃபுசாவோ ஓட்டா அதை வேலைக்கு ஆகும் முறையாக்கினார். கோடை முழுவதும் தொட்டியில் சிப்பி ஓடுகளுக்குள் இழைகளை வளர்ப்பது, நீர் குளிரும்போது அவை விடும் வித்துகளை வலையில் பிடிப்பது, அந்த வலையைக் கடலில் கட்டுவது. அவ்வளவுதான். நாற்றங்காலில் நாற்று விட்டு வயலில் நடுகிற அதே வேலை, கடலில்.

எனக்கு இதில் மிகப் பிடித்த ஆள் ஓட்டாதான். அவரைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. ஆய்வின் தாக்கத்தை எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்று எண்ணினால், தொட்டிக்குள் கையை விட்டுத் தண்ணீரின் சூடு பார்த்தவர் கணக்கில் வரவே மாட்டார். அவர் இல்லாமல் அந்தக் குறிப்பு கரைக்கு வந்திருக்காது, குறிப்பு இல்லாமல் அவருக்குச் சிப்பி ஓடு தோன்றியிருக்காது.

இதை மந்திரமாகவும் நினைக்க வேண்டாம். 2000-01 குளிர்காலத்தில், குமாமோட்டோவை ஒட்டிய அரியாகே கடலில் நோரி நிறம் வெளுத்து விளைச்சல் விழுந்தது. நுண்பாசிகள் பெருகிக் கடலின் சத்தை உறிஞ்சிவிட்டன. 1997இல் அதன் ஒரு பகுதியான இசஹாயா விரிகுடாவைத் தடுப்பணையால் மூடியதுதான் காரணம் என்று மீனவர்கள் வழக்குக்குப் போனார்கள். வித்தைப் பற்றி அத்தனையும் தெரிந்திருந்தது, கடல்தான் கெட்டிருந்தது. உங்களைப் போன்ற சூழலியல்காரர்களின் தேவை அங்கே முடியவில்லை, அங்கேதான் கூடியது.

ட்ரூ-பேக்கர் ஜப்பானுக்குப் போனதே இல்லை. 1957இல் இறந்துவிட்டார். 1963இல் அரியாகே கடலைப் பார்த்தபடி உதோ நகரில் அவருக்கு நினைவுச் சின்னம் எழுப்பினார்கள். ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் 14 அன்று நோரி வளர்ப்பவர்கள் அங்கே கூடுகிறார்கள். 'கடலின் தாய்' என்கிறார்கள் அவரை.

சரி, உங்கள் கட்டத்துக்கு வருவோம். வராத பயனை இட்டுக்கட்டி எழுதாதீர்கள். நீங்கள் பார்க்கிற பாசியையோ அதன் உறவுப் பாசியையோ யார் பறிக்கிறார்கள், எந்த மாதத்தில், அவர்களுக்கு விளங்காதது எது என்று கரைக்குப் போய்க் கேளுங்கள். அவர்கள் சொல்வதை அப்படியே எழுதுங்கள். ஆய்வு முடிந்ததும் அவர்கள் படிக்கும்படி ஒரு பக்கம் எழுதி எனக்கும் அனுப்புங்கள், சேர்ந்து உட்கார்ந்து வாக்கியங்களைச் சரிசெய்வோம்.

அன்புடன்.