மெயில் வருகிறது, போகவில்லை: சிக்கல் எந்தப் போர்ட்டில்?

கேள்வி: வாடகைக்கு எடுத்த உபுண்டு சர்வரில் போஸ்ட்ஃபிக்ஸும் (மெயிலை அனுப்பி வாங்கும் நிரல்) டவ்காட்டும் (வந்த மெயிலைப் படிக்கத் தரும் நிரல்) போட்டிருக்கிறேன். வெளியிலிருந்து மெயில் வருகிறது, நான் அனுப்புவது மட்டும் போய்ச் சேரவில்லை. ஃபயர்வாலில் 25, 110, 143, 465, 587, 993, 995 ஆகிய போர்ட்கள் (எண்ணிட்ட இணைப்பு வாசல்கள்) எல்லாவற்றையும் திறந்துவிட்டேன். ஃபயர்வாலையே நிறுத்திப் பார்க்கலாமா?

பதில்: வேண்டாம். நீங்கள் திறந்த ஏழும் உள்ளே வரும் வழிகள். உங்கள் சிக்கலோ வெளியே போகும் வழியில். உபுண்டுவின் ஃபயர்வாலான யூஎஃப்டபிள்யூ, நீங்களாக மாற்றாதவரை, வெளியே போவதைத் தடுப்பதில்லை. அதனால் அதை நிறுத்தினாலும் எதுவும் மாறாது. சர்வர்தான் திறந்து கிடக்கும்.

முதலில் சர்வர் எழுதிவைக்கும் மெயில் லாகை, அதாவது பதிவுக் கோப்பைப் பாருங்கள். எதிர்முனையின் பெயர், 25 என்ற எண், அதற்குப் பின் 'கனெக்‌ஷன் டைம்ட் அவுட்' என்று இருந்தால், நீங்கள் அனுப்பிய பாக்கெட்டை வழியில் யாரோ சத்தமில்லாமல் விழுங்குகிறார்கள். பெரும்பாலும் அது சர்வரை வாடகைக்கு விட்ட நிறுவனம். ஸ்பாமைத் தடுக்க, வெளியே போகும் 25-ஐப் பல கிளவுட் நிறுவனங்கள் தொடக்கத்திலேயே அடைத்துவைக்கின்றன. அமேசானின் இசி2-வும் அப்படித்தான். உறுதிசெய்துகொள்ள, உங்கள் சர்வரிலிருந்தே டெல்நெட் கட்டளையால் ஜிமெயிலின் எம்எக்ஸ் சர்வரை (மெயிலை வாங்கும் சர்வரை) 25-இல் தொட்டுப் பாருங்கள். 220 என்று தொடங்கும் வரி வந்தால் வழி திறந்திருக்கிறது. கர்சர் அப்படியே நின்றுகொண்டிருந்தால் அடைப்புதான். அந்த நிறுவனத்துக்கு எழுதித் தடையை நீக்கச் சொல்லுங்கள், அப்போதே ஐபிக்கான பிடிஆர் பதிவையும் (ஐபி எண்ணிலிருந்து சர்வரின் பெயரைக் காட்டும் பதிவு) போட்டுவிடுங்கள். அது இல்லாமல் ஜிமெயில் போன்றவை உங்கள் மெயிலை ஏற்காது. நீக்க மறுத்தால், உங்கள் மெயிலை வாங்கி அனுப்பித் தரும் ஒரு ரிலே சேவைக்கு 587 வழியாகக் கொடுத்து அனுப்பலாம். இதுவரை அனுப்பியவை தொலைந்துவிட்டன என்று பதற வேண்டாம். போஸ்ட்ஃபிக்ஸ் அவற்றை 5 நாள் வரை வரிசையில் வைத்து மறுபடி மறுபடி முயலும்.

இனி உள்ளே வருபவை. 25 உலகத்துக்கே திறந்திருக்க வேண்டும். மற்ற சர்வர்கள் உங்களுக்கு மெயில் கொடுக்க வேறு வாசல் கிடையாது. குறிப்பிட்ட ஐபிகளுக்கு மட்டும் என்று அதைச் சுருக்கினால், வரவேண்டிய மெயில் வராமல் போகும். ஆனால் அந்த வாசலில் பயனர் லாகினை அனுமதிக்காதீர்கள். 25-ஐத் திறந்த கொஞ்ச நேரத்திலேயே கடவுச்சொல்லை ஊகித்துப் பார்க்கும் முயற்சிகள் லாகில் வரிசைகட்டும்.

உங்கள் ஆட்கள் ஃபோனிலிருந்தும் கணினியிலிருந்தும் அனுப்புவதற்கு 465. தொடக்கத்திலிருந்தே டிஎல்எஸ் (இணைப்பைக் குறியாக்கும் முறை) என்பதால் நான் இதைத்தான் முதலில் சொல்வேன். 2018-இல் வந்த இணையத் தொழில்நுட்ப ஆவணமான ஆர்எஃப்சி 8314-உம் இதையே பரிந்துரைக்கிறது. பழைய செட்டிங் உள்ளவர்களுக்கு 587-உம் இருக்கட்டும். ஒன்றைக் கவனியுங்கள்: போஸ்ட்ஃபிக்ஸின் மாஸ்டர் கோப்பில் (master.cf) இந்த இரண்டுக்குமான வரிகள் தொடக்கத்தில் கமெண்ட் குறியோடு (#) செயலற்று இருக்கும். அதை எடுக்காமல் ஃபயர்வாலை மட்டும் திறந்தால் 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்ட்' என்றுதான் வரும். டைம் அவுட் என்றால் வழியில் தடுப்பு. ரெஃப்யூஸ்ட் என்றால் பெரும்பாலும் அந்தப் போர்ட்டில் எந்த நிரலும் இணைப்புக்காகக் காத்திருக்கவில்லை. இந்த வேறுபாடு பிடிபட்டால் பாதி நேரம் மிச்சம்.

மெயில் படிக்க, தொடக்கத்திலிருந்தே டிஎல்எஸ் உள்ள 993 போதும். குறியாக்கம் இல்லாமல் தொடங்கும் 110, 143 இரண்டையும் மூடிவிடுங்கள். அதே சர்வரில் வெப்மெயில் இருந்தாலும் அது உள்ளுக்குள்ளேயே 143-ஐத் தொட்டுக்கொள்ளும், ஃபயர்வால் குறுக்கே வராது. யாராவது பாப்3 (மெயிலை இறக்கிக்கொள்ளும் பழைய முறை) பயன்படுத்தினால் மட்டும் 995. டிஎல்எஸ்ஸுக்கான லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழை 80 வழியாகப் புதுப்பிக்கிறீர்கள் என்றால் அதை மூடாதீர்கள். சர்வர் பெயர்களுக்கு ஐபி தேட (டிஎன்எஸ்), வெளியே போகும் 53 யூடிபி, டிசிபி இரண்டிலும் வேண்டும். விதிகளை மாற்றும் முன் நீங்கள் சர்வருக்குள் நுழையும் எஸ்எஸ்ஹெச்சுக்கான விதி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

முடித்ததும் சோதனையை வெளியே வேறொரு கணினியிலிருந்து செய்யுங்கள். சர்வருக்குள்ளிருந்து தட்டினால் எல்லாக் கதவும் திறந்தே தெரியும். கிளவுட் கன்சோலில் தனி ஃபயர்வால் இருந்தால் அங்கும் இதே விதிகள் வேண்டும். டாக்கரில் (நிரல்களைத் தனித்தனிப் பெட்டிகளாக ஓட்டும் மென்பொருள்) மெயில் சர்வரை ஓட்டுபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். டாக்கர் வெளியிடும் போர்ட்கள் யூஎஃப்டபிள்யூ விதிகளைத் தாண்டியே திறந்துகொள்ளும், நீங்கள் மூடியதாக நினைக்கும் 143 உட்பட.