டெவலப், என்வலப்

கேள்வி: எங்கள் தோட்டத்து வாசிகசாலைத் திறப்பு விழாவில் பேசியவர், 'வளர்ப்பு' என்ற தமிழ்ச் சொல்லைத்தான் வெள்ளைக்காரன் 'டெவலப்' ஆக்கிக்கொண்டான் என்றார். ஒரே கைதட்டல். உண்மையா? அப்படியானால் நாம் ஏன் 'அபிவிருத்தி' என்கிறோம்?
– வாசகர் ஒருவர், ஹட்டன்

பதில்: கைதட்டல் சான்றாகாது ஐயா. 'டெவலப்' பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல். அதன் முன்னொட்டுக்கு 'நீக்கு', 'அவிழ்' என்று பொருள். மீதிக்குச் 'சுற்று', 'பொதி' என்று பொருள். பொதிந்ததைப் பிரிப்பது, அவ்வளவுதான். உங்கள் பேச்சாளர் கணக்கில் பார்த்தால், முன்னொட்டோடு சேர்ந்து அது வளர்ப்பைக் கெடுப்பது என்றாகிவிடும். நம் பக்கத்துச் சில ரோட்டுக் கொந்தராத்துகளுக்கு அந்தப் பொருள் பொருந்தலாம், அகராதிக்குப் பொருந்தாது.

பொதி பிரிந்தால் உள்ளே இருப்பது வெளியே வரும். அந்த எண்ணத்திலிருந்துதான் வளர்ச்சி என்ற பொருள் பிற்பாடு கிளைத்தது. ஜெர்மன்காரரின் சொல்லும் சுற்றியதை அவிழ்ப்பதுதான். ஸ்பானியரின் சொல் சுருளை விரிப்பது. இதை விளங்கிக்கொள்ள நீங்கள் ஐரோப்பாவுக்குப் போக வேண்டியதில்லை. தேயிலைச் செடியின் நுனியில் ஊசிபோல் இறுகச் சுருண்டிருக்கும் அரும்பைப் பாருங்கள். அது சுருள் பிரிந்தால் இலை. கொழுந்து எடுக்கும் பெண்கள் அன்றாடம் பார்ப்பது அந்தச் சொல்லின் முதற்பொருளைத்தான். தமிழிலும் பூ கட்டவிழ்கிறது, முறுக்கவிழ்கிறது என்போம். பிலிம் ரோல் காலத்தில் படத்தை 'டெவலப்' செய்வதென்றால், பதிந்து மறைந்திருந்த உருவத்தை வெளியே கொண்டுவருவது. நாமோ அதைக் 'கழுவுவது' என்றோம். தொட்டியில் நடந்ததைப் பார்த்து வைத்த பெயர்!

'அபிவிருத்தி' வடசொல். பெருகுதல், வளர்தல் மட்டுமே அதில் உண்டு; அவிழ்த்தல் இல்லை. நாட்டு நிர்வாகத்தில் ஊன்றிவிட்ட சொல் என்பதால் அதோடு எனக்குச் சண்டை இல்லை. 'வளர்ச்சி' என்று எழுதினாலும் குறைவில்லை.

நாடுகளுக்கு இந்த வளர்ச்சி என்ற அளவுகோலை வைத்துப் பேசுவது பெருவழக்கானது 1949க்குப் பிறகுதான். அவ்வாண்டு ஜனவரி 20இல் அமெரிக்க ஜனாதிபதி ட்ரூமன் தம் பதவியேற்பு உரையில் உலகின் ஒரு பகுதியைக் 'குறைவிருத்தி' பெற்றது என்று குறிப்பிட்டார். அதற்குச் சற்று முன்னர்தான், இலங்கையின் 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியிருந்தது. நாட்டின் கணக்கிலேயே இல்லாதவரைக் குறைவிருத்தி என்று சொல்லக்கூட அன்று ஆள் இல்லை.

மறந்துவிட்டேன்: கடிதம் போடும் 'என்வலப்' இருக்கிறதே, அது 'டெவலப்'பின் உடன்பிறப்பு. ஒன்று பொதிவது, மற்றது பிரிப்பது. பேச்சாளரை அடுத்த விழாவில் கண்டால் அது எதிலிருந்து வந்தது என்று கேட்டுப் பாருங்கள். 'என் வளர்ப்பு' என்று சொல்லக்கூடியவர்தான்.