பில் வரும் போனிலேயே ரீல்ஸும் வந்தால் என்ன செய்வது?

கேள்வி: ஈரோட்டில் வீட்டிலிருந்தபடி ஐந்து சிறு நிறுவனங்களுக்குக் கணக்கு எழுதி, ஜிஎஸ்டி ரிட்டர்ன் தாக்கல் செய்துகொடுக்கிறேன். பில்கள் எல்லாம் வாட்ஸ்அப்பில்தான் வருகின்றன. ஒரு பில்லைப் பார்க்கப் போனை எடுத்தால் ஸ்டேட்டஸ், ரீல்ஸ் என்று முக்கால் மணி நேரம் ஓடிவிடுகிறது. ஒவ்வொரு மாதமும் 10-ம் தேதி இரவு விழித்திருந்து வேலையை முடிக்கிறேன். 'போனை அடுத்த அறையில் வைத்துவிடு' என்கிறார்கள். போன் இல்லாமல் என் வேலையே நடக்காது. இணையதளங்களை முடக்கும் செயலி ஏதாவது போட்டுக்கொள்ளலாமா?

பதில்: உங்களுக்கு மன உறுதி போதவில்லை என்று யாராவது சொல்லியிருந்தால், அதை நம்பாதீர்கள். வேலை எந்த வழியாக வருகிறதோ, அதே வழியாகத்தான் கவனமும் வெளியே போகிறது. உங்கள் சிக்கல் அவ்வளவுதான். அந்த இரண்டையும் பிரித்துவிட்டால் பாதிச் சுமை இறங்கிவிடும். செயலியைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தைச் சேர்ந்த குளோரியா மார்க், அலுவலகப் பணியாளர்கள் கணினியில் எப்படி வேலை செய்கிறார்கள் என்பதைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்துவருபவர். 2004-ல் ஒரு திரையில் சராசரியாக இரண்டரை நிமிடம் நிலைத்த கவனம், அண்மை ஆண்டுகளில் 47 நொடி அளவுக்குச் சுருங்கிவிட்டதாக அவர் சொல்கிறார். அவர் கண்டறிந்த இன்னொன்று உங்களுக்கு மிகவும் பொருந்தும். கவனச்சிதறல்களில் ஏறக்குறைய பாதி வெளியிலிருந்து வருவதில்லை. எந்த மணியும் அடிக்காமலே நாமாகத்தான் கைவேலையை விட்டுப் போகிறோம். அறிவிப்புகளை நிறுத்தினால் மட்டும் போதாது என்பதற்குக் காரணம் இதுதான்.

உங்கள் வேலையையே எடுத்துக்கொள்வோம். சென்னிமலைப் போர்வை வியாபாரி ஒருவரின் விற்பனை பில்களை டாலி என்ற கணக்கு மென்பொருளில் ஏற்றிக்கொண்டிருக்கிறீர்கள். பார்ட்டி, அதாவது சரக்கு வாங்கியவர் பெயரைத் தேர்ந்தெடுக்கும் நேரத்தில் வேறொரு நிறுவனத்தின் பில் வருகிறது. எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புகிறீர்கள். கண் திரையில் இருக்கிறது, நினைப்பு இன்னும் அந்தப் பில்லிலேயே இருக்கிறது. பட்டியலில் அடுத்திருந்த பார்ட்டி தேர்வாகிவிடுகிறது. மாதத்தின் 14-ம் தேதி ஜிஎஸ்டிஆர்-2பி (விற்றவர்கள் காட்டிய பில்களை வாங்கியவருக்குத் தொகுத்துக் காட்டும் அறிக்கை) வந்ததும், சரக்கு வாங்கியவர் தன் பில்லைக் காணோம் என்று உங்கள் வியாபாரியைக் கூப்பிடுகிறார். வியாபாரி உங்களைக் கூப்பிடுகிறார். பிறகு திருத்தம், விளக்கம், சங்கடம். சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-ல் விளக்கியது இந்த நிலையைத்தான்: ஒரு வேலையிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும்போது கவனத்தின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். ரீல்ஸில் போன முக்கால் மணி நேரமாவது கண்ணுக்குத் தெரிகிறது. இந்த 'ஒரு நொடி பார்த்துவிட்டு வருகிறேன்' எவ்வளவு தின்கிறது என்பது தெரிவதே இல்லை.

ஆகவே முதல் வேலை, தொழிலுக்கென்று தனி எண். இரண்டாவது சிம்மில் வாட்ஸ்அப் பிசினஸ் செயலியைப் போடுங்கள். வழக்கமான வாட்ஸ்அப்பும் அதுவும் ஒரே போனில் தனித்தனியாக இயங்கும். ஐந்து நிறுவனங்களுக்கும் இந்த எண்ணை மட்டும் கொடுங்கள். பிறகு 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' வழியாக அதை மடிக்கணினியில் திறந்துகொள்ளுங்கள். ஒருமுறை இணைத்துவிட்டால், போன் அருகில் இல்லாவிட்டாலும் கணினியிலேயே பில்களை இறக்கிக்கொள்ளலாம். போனை அடுத்த அறையில் வைக்கச் சொன்னவர்களின் யோசனை இப்போது உங்களுக்கும் நடைமுறைக்கு வந்துவிடுகிறது. மேசைமேல் சும்மா கிடக்கும் போனே சிந்தனைத் திறனைக் குறைக்கிறது என்று 2017-ல் வெளியான ஓர் ஆய்வு சொன்னது. பின்னர் செய்த சில ஆய்வுகளில் அவ்வளவு தெளிவான வேறுபாடு கிடைக்கவில்லை. நான் அதை நம்பி இதைச் சொல்லவில்லை. எழுந்து நடந்து போய் எடுக்க வேண்டும் என்றால், அந்த நான்கு அடிக்குள் பாதி ஆசை அடங்கிவிடும்.

பிள்ளையின் பள்ளியிலிருந்து அழைப்பு வந்தால்? போனை 'தொந்தரவு செய்யாதே' நிலையில் வைத்து, பள்ளி, கணவர், பெற்றோர் எண்களுக்கு மட்டும் விலக்குக் கொடுங்கள். அந்த எண்கள் ஒலிக்கும், மற்றவை ஒலிக்காது.

அடுத்து, பில் சேகரிப்பதையும் பில் ஏற்றுவதையும் ஒரே நேரத்தில் செய்யாதீர்கள். காலை 11 மணிக்கும் மாலை 4 மணிக்கும் மட்டும் வாட்ஸ்அப்பைத் திறந்து, வந்தவற்றையெல்லாம் நிறுவன வாரியாகக் கோப்புறைகளில் போட்டுவிட்டு மூடிவிடுங்கள். பதிவு செய்வது மூடிய பிறகுதான். வாடிக்கையாளர்கள் கோபித்துக்கொள்வார்கள் என்று தயங்க வேண்டாம். "அண்ணா, பில்களை 11 மணிக்கும் 4 மணிக்கும் எடுத்துக்கொள்கிறேன். அவசரம் என்றால் போன் செய்யுங்கள்" என்று ஒரு செய்தி போதும், பிசினஸ் செயலியில் இதையே தானாகப் போகும் பதிலாக அமைத்துவிடலாம். பில் அனுப்புகிறவருக்கு உடனே பதில் தேவையில்லை, போய்ச் சேர்ந்தது என்ற உறுதிதான் தேவை. அவசரத்துக்கு அவர்கள் கூப்பிடும்படி, ஐவரின் எண்களையும் அந்த விலக்குப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஓடிபி மட்டும் இதற்குள் அடங்காது. தாக்கல் செய்யும்போது அது வியாபாரியின் போனுக்குத்தான் போகும்; அவர் கடையில் கூட்டத்தில் இருப்பார். ஐந்து நிறுவனங்களுக்கும் ஐந்து வேளைகளில் ஓடிபிக்காகக் காத்திருப்பதுதான் போனைக் கையில் எடுக்க மிகப் பெரிய சாக்கு. முந்தின நாளே நேரம் சொல்லி, எல்லோருக்கும் ஒரே மணி நேரத்துக்குள் அடுத்தடுத்து முடித்துவிடுங்கள். அந்த ஒரு மணி நேரம் போன் உங்கள் கையிலேயே இருக்கட்டும்.

வீட்டில் இருப்பதால் வரும் குறுக்கீடுகளை எந்தச் செயலியும் தடுக்காது. "வீட்டில்தானே இருக்கிறாய்" என்று கூப்பிடுகிறவர்களிடம் 9 முதல் 11 வரை வேலை நேரம் என்று சொல்லிவிடுங்கள். நாள் முழுவதும் தொந்தரவு செய்யாதே என்றால் யாரும் கேட்கமாட்டார்கள்; இரண்டு மணி நேரம் என்றால் பெரும்பாலும் கேட்பார்கள். அப்படியும் எழுந்தே தீரவேண்டி வந்தால், எழும்முன் ஒரு தாளில் ஒரு வரி எழுதுங்கள்: 'பில் எண் 47 வரை ஏற்றியாயிற்று, 48-ல் வரி விகிதம் கேட்க வேண்டும்.' லெராயும் தெரசா குளோம்பும் 2018-ல் வெளியிட்ட ஆய்வில், இப்படி விட்ட இடத்தையும் அடுத்த அடியையும் குறித்துவிட்டுப் போனவர்கள் இடையில் வந்த வேலையில் நன்றாகக் கவனம் செலுத்தினார்கள். அடுப்படிக்குப் போய்வந்தால் எந்தப் பில்லில் நின்றோம் என்று தேடும் வேலையும் மிச்சம்.

10-ம் தேதி இரவைப் பற்றியும் சொல்ல வேண்டும். விற்பனை விவரங்களைக் காட்டும் ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர்-1-க்கு 11-ம் தேதி கடைசி நாள் என்பதால், மாத முடிவில் பில்கள் மொத்தமாக வந்து விழுகின்றன. வாரம் ஒருமுறை, வெள்ளிக்கிழமைகளில் அந்த வாரப் பில்களைக் கேட்டு வாங்கிவிடுங்கள். குவிந்து கிடக்கும் வேலை மலைப்பைத் தருகிறது. அந்த மலைப்பிலிருந்து தப்பிக்கத்தான் கை போனுக்குப் போகிறது. நீங்கள் குறிப்பிட்ட முக்கால் மணி நேரங்கள் மாதத்தின் முதல் பத்து நாளில்தான் அதிகம் நிகழ்கின்றனவா என்று ஒரு மாதம் கவனித்துப் பாருங்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். செயலி போட்டுக்கொள்ளலாம், ஆனால் முதலில் அல்ல. மேலே சொன்ன பிரிவினை இல்லாமல் போட்டால், ஒரு பில்லுக்காக அதை நிறுத்துவீர்கள். நிறுத்திய பிறகு மீண்டும் போடமாட்டீர்கள். இரண்டு வாரம் தனி எண்ணோடு வேலை செய்தபின், மடிக்கணினியின் குரோமில் 'லீச்பிளாக்' என்ற இலவச நீட்சியைச் சேர்த்து, யூடியூபையும் இன்ஸ்டாகிராமையும் 9 முதல் 11 வரை மட்டும் முடக்குங்கள். போனுக்குத் தனியாக எதுவும் வேண்டாம். ஆண்ட்ராய்டு அமைப்புகளில் 'டிஜிட்டல் வெல்பீயிங்' பகுதியில், இன்ஸ்டாகிராமுக்கு ஒரு நாளைக்கு இத்தனை நிமிடம் என்று வரம்பு வைக்க முடியும். அரை மணி நேரத்தில் தொடங்குங்கள்.