விடிகாலை மூன்று மணி

மேடம், வணக்கம். எனக்கு 56 வயது, பெரம்பூர். 18 வருடமாக எங்கள் சபையில் பாஸ்டரேட் கமிட்டி மெம்பர். வருமானத்தில் பத்தில் ஒரு பங்கான தசமபாகக் காணிக்கை ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. போன லெந்து தவக்காலத்தில், பைபிளில் எரேமியா தீர்க்கதரிசியின் புத்தகம் 7-ஆம் அதிகாரம் பிரசங்கம். ‘கர்த்தரின் ஆலயம்’ என்று மூன்று தடவை சொல்லிக்கொண்டால் போதும், தப்பித்துவிடலாம் என்று இருந்தவர்களைப் பற்றி. அன்றிலிருந்து விடிகாலை மூன்று மணிக்கு முழிப்பு வந்துவிடுகிறது. நியாயத்தீர்ப்பில் என் பெயரைக் கூப்பிடுவது போலவே இருக்கிறது.

காரணம் தெரியும். 2009-இல் பட்டா மாற்றத்துக்கு என்று சொல்லி, அப்பா வீட்டில் தங்கைக்கு இருந்த பாகத்தை, உரிமையை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் எழுதி வாங்கிவிட்டேன். கட்டைவிரல் மையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்தவளுக்கு ரோஸ் மில்க் வாங்கிக் கொடுத்தேன். ‘அதெல்லாம் எப்பவோ மன்னிக்கப்பட்டாச்சு, தூங்குங்க’ என்கிறார் சபை நண்பர். இந்தப் பயம் போக என்ன வழி?

(பெயர் வேண்டாம்)

சார்,

எந்தத் தப்பும் செய்யாமலே ‘எனக்கு நரகம்தான்’ என்று நடுங்குகிறவர்களும் என்னிடம் வருவதுண்டு. பத்துத் தடவை ஜெபித்தாலும் சந்தேகம் தீராது. அது நோய், அதற்குச் சிகிச்சை இருக்கிறது. உங்கள் பயம் அந்த வகை இல்லை. அதற்குப் பத்திர எண்ணே இருக்கிறது.

இத்தனை வருடம் எப்படித் தூங்கினீர்கள் என்பதுதான் என் கேள்வி. தன்னை நியாயஸ்தன் என்று ஒரு தடவை காட்டிக்கொண்டவருக்கு, அடுத்து பாரபட்சமாக நடக்கும்போது கூச்சம் குறைகிறது என்று மோனின், மில்லர் என்ற உளவியலாளர்கள் 2001-இல் சோதனை செய்து காட்டினார்கள். உங்கள் தசமபாக ரசீதும் அந்த வேலையைத்தான் பார்த்திருக்கிறது.

அந்த அதிகாரத்தை மறுபடி வாசியுங்கள். பரதேசி, திக்கற்றவன், விதவை இவர்களை ஒடுக்கிவிட்டு ஆலயத்துக்குள் வந்து நின்றவர்களிடம்தான் எரேமியா பேசுகிறார். கி.மு. 586 வாக்கில் பாபிலோனியர் அந்த ஆலயத்தையே கொளுத்திவிட்டார்கள்.

இன்னொன்று. தங்கை இப்போது எங்கே, எப்படி இருக்கிறார் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரி இல்லை.

அப்பா உயில் எழுதவில்லை என்றால், கிறிஸ்தவர்களுக்கான 1925 வாரிசுரிமைச் சட்டப்படி மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. பாகத்தைத் திருப்பி எழுதிக்கொடுக்க ஒரு வக்கீலிடம் வழி கேளுங்கள். அதற்கு முன்னால் தங்கையை நேரில் போய்ப் பார்த்து உண்மையைச் சொல்லுங்கள், சபை நண்பர் துணைக்கு வேண்டாம். ‘கர்த்தர் மன்னித்துவிட்டார்’ என்று ஆரம்பிக்காதீர்கள். தங்கை கத்தலாம், கதவைச் சாத்தலாம். மறுபடி போங்கள்.

அப்புறமும் தூக்கம் வரவில்லை என்றால் எழுதுங்கள், மனநல மருத்துவரைப் பார்ப்பது பற்றி அப்போது பேசலாம்.